தேக்கில் செய்த பிஸ்டல்

போன ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளலாமே என்று ஒரு சபலம் வந்தது. எழுபத்தேழு வயதில் யாரை மயக்கப் போகிறாய் என்று கேட்காதீர்கள். பேத்திக்குக் கல்யாணம் வருகிறது, போட்டோவில் கொஞ்சம் பார்க்கும்படி இருக்கலாமே என்றுதான். கடைக்காரர் கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கினார். அந்த நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், கழுத்தில் கட்டியிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"இன்னா சார், ஒத்துக்காதா?" என்றார்.

ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அம்மோனியா நெடி என்றால் எனக்குக் கும்மிடிப்பூண்டி ஞாபகம் வரும் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வார்ப்பட ஆலை. அதில் நான் டிராயிங் ஆபீஸில் இருந்தேன். மெல்லிய தாளில் மையால் படம் வரைந்து, அதைப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவது வேலை. பிரிண்ட் எடுப்பது என்றால் இப்போது போல் பொத்தானை அழுத்துவதல்ல. நீளக் குழாய் மாதிரி ஒரு பெட்டி, அடியில் கிண்ணத்தில் அம்மோனியா. அந்த ஆவி பட்டால்தான் தாளில் கோடு தெரியும். கண்ணில் தண்ணீர் வழிய வழிய வேலை செய்வோம். என் அப்பா திருவள்ளூரில் பெருமாள் கைங்கரியம் செய்தவர். சனிக்கிழமை ஊருக்குப் போனால், "உன் மேல இதென்னடா குதிரை லாய வாசனை?" என்பார். எனக்கு என் எழுத்தைப் பற்றி மட்டும் ஒரு கர்வம் இருந்தது. படத்தின் மூலையில் ஒரு கட்டம் உண்டு, வரைந்தவர் பெயர், சரிபார்த்தவர் பெயர் எழுதுவதற்கு. அதில் என் பெயரை எழுதும்போது கல்வெட்டு வெட்டுகிற பாவனையில் எழுதுவேன்.

அங்கேதான் சகாயம் அண்ணன் இருந்தார். பேட்டர்ன் மேக்கர். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மணலில் அச்சு வேண்டும் அல்லவா, அந்த அச்சைப் பதிக்க முதலில் மரத்தில் அதே உருவம் செய்ய வேண்டும். அதுதான் பேட்டர்ன். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் பட்டாளத்தில், ஆயுதம் பழுது பார்க்கிற பட்டறையில் இருந்தவர். ஊத்துக்கோட்டைப் பக்கம் கூலிக்கு ஏர் பிடித்த குடும்பம், மாதா கோயில்காரர்கள். என்னைவிடப் பதினாறு பதினேழு வயது மூத்தவர். ஆனாலும் நான் ஆபீஸ் ஆள் என்பதால் என்னை சார் என்பார், நான் அண்ணே என்பேன்.

அவருக்கு ஒரு பிஸ்டல் மேல் காதல். வேறு வார்த்தை இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்திருந்த 'பாயிண்ட் நாற்பத்தைந்து' ரகப் பிஸ்டல். அவர்கள் விட்டுவிட்டுப் போனதில் ஏழெட்டு இவருடைய பட்டறைக்குப் பழுதுக்கு வந்திருக்கிறது. சொந்தமாக ஒன்று வைத்திருக்க ஆசைப்பட்டதுகூட இல்லை. பேசுவதோடு சரி. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"அத்தக் கழட்ட ஒரு ஸ்க்ரூட்ரைவர் வோணாம் சார். அதும் பாகமே அத்தக் கழட்டும். சேத்துல வுழுந்தாலும் கழுவி மாட்னா வேல செய்யும். பின்பக்கம் ஒரு கட்டை இருக்குது, முழு உள்ளங்கையும் அழுத்திப் புடிச்சாத்தான் சுடும். பயந்துகினு புடிக்கிற கைக்கு சுடாது."

அவருடைய மனைவி மரியம்மா ஒருமுறை ஆலை வாசலில் என்னிடம் சொன்னாள்: "எங்க கண்ணாலத் தேதி கேளு சார், தெரியாது. அந்தச் சனியன் நீளம் கேளு, சொல்லுவாரு."

எட்டரை அங்குலம். எனக்கும் இன்னும் மறக்கவில்லை.

நினைவிலிருந்து அவர் அளவு சொல்லச் சொல்ல நான் அதைப் படமாகப் போட்டேன். இப்படி ஆரம்பித்தது எங்கள் விளையாட்டு. பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம், நடுவில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தோற்றம். இரண்டு மாதச் சாப்பாட்டு வேளைகள் அதில் போயின. மூலைக் கட்டத்தில் வரைந்தவர் என்று என் பெயரையும், சரிபார்த்தவர் என்று அவர் பெயரையும் எழுதினேன். தொழிலாளி பெயர் அந்தக் கட்டத்தில் வருவது கிடையாது. அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "நம்ம பேரா சார்?" என்றார். பிரிண்டைப் பட்டறையில் இருந்த தன் சாமான் பெட்டிக் கதவின் உள்பக்கம் பசை தடவி ஒட்டிக்கொண்டார்.

அந்தப் படத்தை வைத்துத் தேக்குத் துண்டில் பிஸ்டலைச் செய்தார். ஒவ்வொரு பாகமும் தனித்தனி. மேல் மூடி பின்னால் நகரும், குழல் கழலும், கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டி போய் உட்காரும். சுருள்வில் மட்டும்தான் நிஜம், ஏதோ பழைய மிஷினில் கழற்றியது. மணல் அச்சுக்குப் பூசுகிற கறுப்புக் கிராபைட்டைக் குழைத்துப் பூசினார். காய்ந்ததும் என் கையில் கொடுத்தார். மரம் என்று தெரிந்தும் குழலை யார் பக்கமும் காட்டாமல் தரையைப் பார்த்துப் பிடித்தேன். அப்புறம் அதைத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் எமர்ஜென்சி வந்தது. முதலில் எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ரயில் நேரத்துக்கு வருகிறது என்று நானே பாராட்டிப் பேசியிருக்கிறேன். ஒரு நாள் காலை யூனியன் செயலாளரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. டீக்கடையில் பேச்சு நின்றது. ஏதோ நோட்டீஸைத் தேடுகிறார்கள், தொழிலாளிகளின் பெட்டிகளைச் சோதனை போடப் போகிறார்கள் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் முதல் காரியமாக அசல் படத்தை விறகடுப்பில் போட்டேன். என் மனைவிக்கு ஏழாவது மாதம். "என்ன எரியறது?" என்றாள். பழைய பேப்பர் என்றேன். ஆனால் பிரிண்ட் அவருடைய பெட்டியில் இருந்தது, என் பெயரோடு, என் கல்வெட்டு எழுத்தில்.

மறுநாள் அவர் உலைப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்துப் பேட்டர்ன் பட்டறைக்குள் போனேன். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. படம் நன்றாக ஒட்டியிருந்தது, கிழித்தால் கிழிந்தது தெரியும். சட்டைப் பையில் பிளேடு வைத்திருந்தேன். என் பெயரை மட்டும் சுரண்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே அவர் பெயர். அதைச் சுரண்ட இன்னொரு நிமிடம் போதும். அவரிடம் சொல்லிப் பிஸ்டலையும் எடுத்து ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் பயந்தது தெரிந்துவிடும் என்று வெட்கமா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிளேடைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜீப் வந்தது. ஆபீஸ் ஆட்களையும் பட்டறைக்கு வரச்சொன்னார்கள். பெட்டிகளை வரிசையாகத் திறந்துகொண்டே வந்த போலீஸ்காரர் சகாயம் அண்ணன் பெட்டியைத் திறந்ததும் இரண்டடி பின்னால் குதித்தார். அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது. நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம்.

"மரம் சார் அது. தேக்கு மரம்" என்றார் அண்ணன், கைகளைத் தூக்கியபடி.

அதிகாரி அதை எடுத்துப் பார்த்தார். மரம் என்று தெரிந்ததும் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுற்றிலும் இருந்த மர உருவங்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னா?"

"பேட்டர்ன் சார்."

"இத வச்சித்தான இரும்புல ஊத்துவீங்க?"

"ஆமா சார்."

"அப்ப இதுவும் பேட்டர்ன்தான? இத வச்சி எத்தினி ஊத்தினீங்க? யாருக்குக் குட்த்தீங்க?"

எங்களுக்குத் தோன்றவே தோன்றாத அர்த்தம் அது.

கதவில் இருந்த படத்தைத் தட்டினார். "இத யாரு போட்டது?" மேனேஜர் டிராயிங் ஆபீஸ் ஆட்கள் எங்கள் மூன்று பேரையும் முன்னால் வரச்சொல்லி வரிசையாக நிறுத்தினார். சகாயம் அண்ணன் படத்தைப் பார்த்தார். மூலைக் கட்டத்தில் வெள்ளையாகப் பஞ்சு கிளம்பியிருந்த இடத்தையும் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான் போட்டேன் சார்" என்றார்.

நேர்கோடு இழுக்கத் தெரியாத மனுஷன். மேனேஜருக்கு அது தெரியும், என்னோடு நின்ற இருவருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்க வேண்டியவன் நான்.

அவரை ஏற்றிக்கொண்டு ஜீப் போனது. அடுத்த நான்கு நாளும் தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய் நிற்பேன். அவர் தாங்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டால்? இதுதான் என் கவலை. அவரை என்ன செய்கிறார்களோ என்ற கவலை இரண்டாவதுதான். பொய் சொல்ல விரும்பவில்லை.

மூன்றாம் நாள் மரியம்மா ஆலை வாசலுக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்றாள். லீவு என்று சொல்லிவிடும்படி வாட்ச்மேனிடம் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அவரே வந்து தன் மேஜையில் உட்கார்ந்தார். உளியை இடது கையில் பிடித்திருந்தார். வலது கை மடியில் இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த ஆபீசருக்கு மூடி கழட்டத் தெரியல சார்" என்றார். "நாலு நாளா அவரும் இழுத்துப் பாக்கறாரு. கடைசியா நான்தான் கழட்டிக் காட்னேன். ஒவ்வொண்ணா டேபிள்ள வச்சேன். இது ஊத்தறதுக்கு செஞ்சது இல்ல, ஆசைக்கு செஞ்சதுன்னு அப்பத்தான் அவருக்குப் புரிஞ்சுது. எந்தப் பைத்தியக்காரன்டா இத்தினி துண்டா செய்வான்னு கேட்டாரு."

"திருப்பிக் கொடுத்தாங்களா அண்ணே?"

"இல்ல. வச்சிக்கினாங்க."

பிளேடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாதம் ஒரு நாள், கை தேறிய பிறகு, "சார், இன்னொரு வாட்டி படம் போட்டுக் குடுக்கறியா? மரம் வாங்கி வச்சிகினு இருக்கேன்" என்றார். அவர் அதைக் கேட்டது என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்காகவும் இருக்கலாம். பார்க்கலாம் அண்ணே என்றேன். எமர்ஜென்சி போய், ஆட்சி மாறி, யாரும் எதையும் பேசலாம் என்றான பிறகும் பார்க்கலாம் அண்ணே என்றேன். பிறகு மெட்ராஸில் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.

அவர் இறந்த செய்தி ஒரு வருஷம் கழித்துத்தான் காதில் விழுந்தது. போனேன். மரியம்மா எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"படுக்கையில கெடக்க சொல்லோ கையி சும்மா இருக்காது சார். வெறுங்கையில இன்னாத்தையோ கழட்டுவாரு, மாட்டுவாரு. எனக்குத் தெரியும் அது இன்னான்னு." பிறகு சொன்னாள்: "அன்னிக்கி ஆலை வாசலாண்ட உன்னப் பாக்க வந்தேன். லீவுன்னாங்க."

"ஆமாம்மா. உடம்பு சரியில்லை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். காபி போட எழுந்து போனாள்.

அந்த ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மோனியாப் பிரிண்ட் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மரியம்மாவும் போய்விட்டாள். சாலையை அகலமாக்கியபோது அவர்கள் வீட்டையும் எடுத்துவிட்டார்கள். போன வருஷம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். எந்த இடம் என்று அடையாளம் தெரியவில்லை.