காட்டைப் பெருக்கிய கதை

எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே ஒரு படம் மாட்டியிருக்கிறது. மார்பு வெள்ளை, முதுகு கறுப்பு, பின்னால் கரித்துண்டு மாதிரி ஐந்து குஞ்சுகள். வருகிறவர்கள் எல்லோரும், "உங்க ஊட்டுக் கோழியா ஆயா?" என்று கேட்பார்கள். அது கானாங்கோழி, குட்டை ஓரப் புதரில் ஒளிந்து வாழ்கிற காட்டுப் பறவை. படத்தை எடுத்தவர், நான் பெருக்கித் துடைத்து டீ போட்டுக் கொடுத்த லேத் பட்டறையின் போர்மேன்.

பட்டறை அம்பத்தூர் எஸ்டேட்டில், மண்ணூர்பேட்டை பக்கம். ஐந்து லேத்தும் ஓடும்போதே தெருமுனைக்குக் கேட்கிற குரல் அவருக்கு. ஒரு அதட்டலுக்கு என் கையில் டீ தளும்பும். சாப்பாட்டு நேரத்தில் கேமராவோடு பின்பக்கம் போனால் ஆளே வேறு. அங்கே சம்புக் கோரையும் முள்ளும் மண்டிய ஒரு குட்டை. எங்களுக்கு அது கொசு, அவருக்குக் காடு. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடப்பார். மூன்று மாதமாய் அந்தக் கோழியின் வால்தான் படத்தில் விழுந்தது.

ஒருநாள், குட்டையில் மண் கொட்டப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். "நாளைக்கு ஒரு நாள்தான் ஆயா. குஞ்சு பொரிச்சிகீது. நாளைக்கு வுட்டா போச்சு" என்றார் போர்மேன். அவர் முகம் வாடி அன்றுதான் பார்த்தேன். ஆம்பிளைகளிடம் "சரி சார்" என்பதற்கு மேல் நான் பேசியதில்லை. கையால் ஏதாவது செய்யலாமே என்று தோன்றியது. எங்கள் வீட்டில் தலைசீவிப் பவுடர் பூசாமல் யாரையும் போட்டோ எடுத்தது கிடையாது. விடியலிலேயே வந்து முள்ளை வெட்டி, கரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அரிசிமாவில் கோலமும் போட்டேன். நடுவில் இருந்த சம்பை மட்டும், தண்ணீரில் இறங்கப் பயந்து விட்டுவிட்டேன்.

மத்தியானம் வந்த போர்மேன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கத்தினால் கோழி ஓடிவிடும். அதனால் குசுகுசுவென்று திட்டினார். "இன்னா ஆயா பண்ணி வச்சிகீறே! காட்டைப் போய் யாராச்சும் பெருக்குவாங்களா?" சத்தமில்லாத திட்டு இன்னும் சுடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஜன்னலில் தலைநீட்டிய லேத்காரர் ஒருவர், "சார், கோழிக்கு ஒரு மாலை வாங்கியாரட்டா?" என்றார். நான் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது சம்பு அசைந்தது. கோழி எட்டிப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டு கரையேறி, நேராகக் கோலத்துக்கு வந்து மாவைக் கொத்தியது. பின்னாலேயே குஞ்சுகள், பந்திக்கு வந்த மாதிரி. போர்மேன் திட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினார்.

அந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினார். கோலத்தைப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலில் எடுத்தது வேண்டாம், காட்டில் எடுத்ததுதான் வேண்டும் என்று திருப்பிவிட்டார்களாம். அதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் மறுபடி டீ தளும்பியது. "உன் வாசல்தானே ஆயா, நீயே வச்சிக்கோ" என்று சட்டம் போட்டுக் கொடுத்தார்.

இப்போது குட்டை இருந்த இடத்தில் தகர ஷெட் நிற்கிறது. கோழி பக்கத்துக் கால்வாய்க்குப் போய்விட்டது என்றார் போர்மேன். என் மனசுக்காகச் சொன்னாரோ என்னவோ. யாராவது படத்தைப் பார்த்து, "உங்க ஊட்டுக் கோழியா ஆயா?" என்றால் முன்பெல்லாம் கூச்சத்தில் உள்ளே போய்விடுவேன். இப்போது பதில் சொல்கிறேன்.

"ஆமா, நான் கோலம் போட்டுக் கூப்ட்டேன், வந்துச்சு."