மீதிப் பதினேழு நிமிடம்

என் அக்கா இறந்த ஒன்பதாம் நாள், அவள் வேலை பார்த்த வானொலி நிலையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. நிலையத்தின் மாத இதழில் அஞ்சலி போடப் போகிறார்களாம். வீட்டார் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். ‘முழு வாழ்க்கைக் குறிப்பு’ என்று தலைப்பு. கீழே மூன்று வரிகள். ‘அமைதியே உருவானவர். யாரையும் ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவர். ஒலிநாடாக்களைப் பெற்ற குழந்தைகளைப் போலப் பேணியவர்.’

நாடாக்களைப் பேணினாள் என்பது உண்மை. மற்றதெல்லாம் வேறு யாரையோ பற்றியது.

அக்காவின் வேலை நாடா அறையில். ஜன்னல் இல்லாத நீள அறை, கூரை வரை இரும்பு அலமாரிகள், ஒரு மேசை, காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்று. பழைய பேச்சோ பாட்டோ ஒலிபரப்பக் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாடாவிலிருந்து கொஞ்சம் மட்டும் எடுத்தால் அதற்கு ஒரு சீட்டு எழுத வேண்டும் என்பது அந்த அறையின் விதி. சீட்டில் மூன்று வரி இருக்கும். மொத்தம் எவ்வளவு நேரம், இப்போது எடுத்தது எவ்வளவு, விட்டது எதைப் பற்றி. முதல் இரண்டு வரியை அறிவிப்பாளர் நேயர்களுக்குப் படிப்பார். மூன்றாவது அலுவலகத்துக்கு. சீட்டு மூன்று பிரதி. ஒன்று பெட்டியின் மூடியில் ஒட்டப்படும், ஒன்று பெட்டிக்குள் நாடாவோடு கிடக்கும், ஒன்று பதிவேட்டில். முதலிலிருந்து கடைசி வரை கேட்காமல் அக்கா எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். ஒருநாள் வந்து, “எங்க துறைத் தலைவி என்னை எல்லார் முன்னாடியும் கத்திட்டாங்க” என்று கண்ணைக் கசக்கினேன். அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “இது முழுசா, துண்டா?”

“என்ன துண்டு?”

“நீ முதல்ல என்ன சொன்னே?”

நான் முதலில் சொன்னதை இங்கே எழுத முடியாது. அன்று முதல் எங்கள் வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அந்தக் கேள்வி வரும். இப்படிப்பட்டவளோடு ஒரே கூரைக்குக் கீழ் இருப்பது லேசான காரியமில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்கு ஒரே காரணம்தான் தோன்றும். எந்த மாப்பிள்ளை தன்னைப் பற்றி முழுசாகச் சொல்வான்?

எங்கள் கூடத்தில், வானொலிப் பெட்டிக்கு மேலே, பாலத்தாரின் படம் மாட்டியிருந்தது. எங்கள் ஊரின் இரண்டு பாதியையும் ஆற்றின்மேல் பாலம் கட்டிச் சேர்த்துவைத்த பழைய அமைச்சரை ஊரே அப்படித்தான் அழைக்கும். திறப்பு விழாவில் எடுத்த படம். பாலத்தார் சிரித்தபடி யாருடைய தோளிலோ கை வைத்திருப்பார். தோளோடு படம் முடிந்துவிடும்.

“அந்தத் தோள் யாருதுன்னு தெரியுமா?” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். அவர் அந்தப் பாலத்துக்குக் கலவை போட்டவர். “என்னோடது!”

“படத்துல உங்களைக் காணோமேப்பா. துண்டு” என்பாள் அக்கா.

“போடி, கணக்குப்பிள்ளை” என்று அப்பா சிரிப்பார். அந்தப் பாலம் வந்த பிறகுதான் நாங்கள் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதை அக்காவும் மறந்ததில்லை.

பாலத்தாருக்கு நூற்றாண்டு வந்தது. ஆட்சியில் இருந்தவர்கள் பாலத்துக்கு அவர் பெயரை வைத்து, நுழைவாயிலில் சிலையும் நிறுத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் கூடாது என்றார்கள். ஆற்றங்கரையில் முந்நூறு குடும்பங்களைக் குடிசையோடு அள்ளி எறிந்துவிட்டுக் கட்டிய பாலம் என்று துண்டறிக்கை போட்டார்கள். வானொலியைக் கேட்டால் அப்படி ஒரு கரையே இருந்ததில்லை என்று தோன்றும். எங்கள் நிலையம் எப்போதுமே அப்படித்தான். ஆட்சி மாறினால் அதே அறிவிப்பாளர், அதே குரல், பாட்டு மட்டும் வேறு. டீக்கடையில் அதை ‘வாடகை வாய்’ என்பார்கள்.

சிலை திறக்கும் நாளில் பாலத்தாரின் பழைய உரையை ஒலிபரப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. ‘இந்த ஆறு இனி நம்மைப் பிரிக்காது’ என்று தொடங்கும் ஐந்து நிமிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். நாடா இருபத்திரண்டு நிமிடம். மீதிப் பதினேழை யாரும் கேட்டதில்லை. அக்கா கேட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“கரையில இருந்தவங்களைப் பத்திப் பேசறார். ‘குப்பையை அள்ளினா கொஞ்சம் நாத்தம் வரத்தான் செய்யும்’கறார். கூட்டம் சிரிக்குது. நாலு தடவை சிரிக்குது. அப்பா அந்தக் கூட்டத்துலதானே இருந்தாரு?”

நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் இயக்குநர் கூப்பிட்டார். புதிதாக வந்தவர், குரல் உயர்த்தாதவர். அந்த அறையில் நடந்ததை அக்கா எனக்கு நடித்தே காட்டினாள்.

“மேடம், அஞ்சு நிமிஷத்தைத் தனி நாடாவுல எடுத்துக் குடுங்க. சீட்டுல ‘முழு உரை’ன்னு போட்டுடுங்க.”

“அஞ்சு நிமிஷம் எடுத்துத் தரேன் சார். ‘முழு’ன்னு போட மாட்டேன்.”

“ஒரே ஒரு சொல்லுக்கா இவ்வளவு?”

“ஒரே ஒரு சொல்லுதானே சார், விட்டுடுங்களேன்.”

“பாலத்தார் மேல உங்களுக்கு என்னம்மா கோபம்?”

“அவர் படத்துக்குக் கீழதான் சார் நான் பாடம் படிச்சேன். சிலை வைங்க, மாலை போடுங்க, நானே வந்து கைதட்டறேன். அஞ்சை இருபத்திரண்டுன்னு சொல்றதுக்கு மட்டும் என் கையெழுத்து கிடைக்காது.”

“அப்ப நாடா அறையில உங்களுக்கு வேலையும் இருக்காது.”

“அதை எழுத்துல குடுங்க சார், சீட்டோட வெச்சுக்கறேன்.”

அந்த அறையைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. அது போய்விடும் என்று தெரிந்தேதான் பேசினாள்.

செய்தி எப்படியோ கசிந்து, எதிர்க்கட்சி வக்கீல் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அம்மா, நீங்க வீராங்கனை. அந்தப் பதினேழு நிமிஷத்துக்கு ஒரு பிரதி குடுங்க. பொதுக்கூட்டத்துல போட்டு அவங்க வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திடறோம்.”

“முதல் அஞ்சு நிமிஷத்தையும் சேர்த்துப் போடுவீங்களா?”

“அது எதுக்கும்மா? அதான் தினம் ஊதறாங்களே.”

“அப்ப நீங்களும் கத்தரிக்கோலோடதான் வந்திருக்கீங்க. டீ ஆறுது, குடிச்சுட்டுக் கிளம்புங்க.”

வக்கீல் டீயைக் குடிக்காமலே போனார். போகிறபோது வாசலில் நின்று, ‘ஆளுங்கட்சிக் கைக்கூலி’ என்று தெருவுக்குக் கேட்கிறபடி சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம் நிலையத்தில் அவளை ‘எதிர்க்கட்சி உளவாளி’ என்றார்கள். “ரெண்டு பக்கமும் திட்டறாங்கன்னா நாடா சரியாத்தான் ஓடுது” என்றாள் அக்கா.

சொன்னபடியே ஐந்து நிமிடத்தை எடுத்து, உண்மையான சீட்டை மூன்று பிரதி எழுதி வைத்தாள். இயக்குநர் மூடியில் இருந்ததை அவள் கண்ணெதிரே கிழித்தார். தன் கையால் ‘முழு உரை’ என்று எழுதி ஒட்டினார். பதிவேட்டையும் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். பெட்டிக்குள் இன்னொரு பிரதி கிடப்பது அவருக்குத் தெரியாது. பதினோரு ஆண்டு நிலையம் நிலையமாக இயக்குநராக இருந்தவர், ஒரு நாடாப் பெட்டியையும் திறந்து பார்த்ததில்லை.

“நீயாவது சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“அவர் கேக்கலையே” என்றாள்.

சிலை திறந்த நாள் காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வானொலி முன் உட்கார்ந்தார். நானும் அக்காவும் பின்னால் நின்றோம். அறிவிப்பாளருக்கு ஊரில் மணிக்கூண்டு என்று பெயர், எதைச் சொன்னாலும் முதலில் நேரம் சொல்வார். அன்றும் சொன்னார். பிறகு பெட்டியைத் திறக்கும் சத்தம் லேசாகக் கேட்டது.

“அடுத்து, பாலத் திறப்பு விழா உரை. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். இதில் முதல் ஐந்து நிமிடம் இப்போது ஒலிபரப்பாகிறது.” வழக்கமாக அங்கே நிறுத்துவார். அன்று நிறுத்தவில்லை. “விடப்பட்டது, ஆற்றங்கரை மக்களை அகற்றியது பற்றி அவர் பேசிய பதினேழு நிமிடம்.”

விசாரணையில் அவரைக் கேட்டார்களாம், மூன்றாவது வரியை ஏன் படித்தாய் என்று. “கண்ணாடி மாத்தினேன் சார். புதுசு. எல்லா வரியும் பளிச்சுனு தெரிஞ்சுது” என்றாராம் மணிக்கூண்டு.

வீட்டில் ஐந்து நிமிடமும் ஓடி முடிந்தது. அப்பா திரும்பினார்.

“மீதியில என்னம்மா இருக்கு?”

அக்கா சொன்னாள். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்துகிறவள் இல்லை.

“நீங்க அங்கதானேப்பா இருந்தீங்க. நீங்களும் சிரிச்சீங்களா?”

அப்பா எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அக்காவோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம்தான் கேட்பார்.

அடுத்த வாரமே அக்காவை நேயர் கடிதப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு முத்திரைக் கட்டை. நாள் முழுக்க ‘உங்கள் நிகழ்ச்சி நன்று’ என்ற கடிதங்களைப் பிரிக்கும் வேலை. ஆளை மூலையில் உட்கார வைத்துவிட்டதாக இயக்குநர் நினைத்தார். வானொலி கேட்கிறவர்கள் எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் அந்த மூலைக்குத்தான் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் முதல் கடிதம் வந்தது. ‘மீதிப் பதினேழு நிமிடம் எங்கே?’ பிறகு மூட்டையாக வந்தன. பாலத்தாரைக் கும்பிடுகிறவர்களும் எழுதினார்கள், வைகிறவர்களும் எழுதினார்கள். அகற்றப்பட்ட குடும்பத்து அம்மாள் ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘எங்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், என்ன பேசினார் என்று நாங்கள்தானே கேட்க வேண்டும்?’ பதினைந்து நாளுக்குள் பதில் போட வேண்டும், கோரிக்கை நிறைவேறாவிட்டால் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. அக்காவுக்கு விதி என்றால் போதாதா? அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் கையாலேயே எழுதினாள். ‘மீதி நிலையத்தில் பத்திரமாக உள்ளது. தங்கள் கோரிக்கை இயக்குநர் முன் வைக்கப்பட்டுள்ளது.’ அறுநூற்றுச் சொச்சத்தையும் அவர் முன் வைக்கவும் செய்தாள். ஒவ்வொன்றாக, கையெழுத்து வாங்கிக்கொண்டு.

எட்டாவது மாதம் இயக்குநர் கையெடுத்துக் கும்பிட்டாராம். “போட்டுத் தொலைங்கம்மா.”

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்த நேரத்தில், இருபத்திரண்டு நிமிடமும் ஒலிபரப்பானது. அக்கா வீட்டுக்கு வந்து கேட்டாள். அப்பாவின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. நான்காவது சிரிப்பு முடியும் வரை அங்கே ஒரு அசைவும் இல்லை. மறுநாள் ஆளுங்கட்சிக்காரர்கள் நிலையத்தின்மேல் கல் எறிந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், அந்த ஐந்து நிமிடப் புகழ்ச்சியை மறுபடி ஏன் போட்டாய் என்று கோஷம் போட்டார்கள்.

அன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டார். “சிரிச்சேன்னு உங்க அக்காகிட்ட சொல்லிடு” என்றார்.

சொன்னேன். அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, “அவர் வாயால சொல்லட்டும்” என்றாள்.

பக்கத்து அறைதான். பத்தடி. இரண்டு பேரும் நடக்கவில்லை. நான்கு மாதத்தில் அப்பா போய்விட்டார். ஊரே எதிர்த்தபோது வளையாத என் அக்கா, அந்தப் பத்தடிக்கும் வளையவில்லை. அவளை நினைத்து நான் பெருமைப்படாத நாள் இல்லை. இந்த ஒன்றுக்காக நான் அவளை மன்னிக்கவும் இல்லை. அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். “சரி, அதையும் எழுதி வெச்சுக்கோ” என்றாள்.

ஓய்வு பெறும் வரை நான்கு ஆண்டு மாடிப்படிக்குக் கீழேயே இருந்தாள். நாடா அறைக்குத் திரும்பப் போகலாம், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினால் போதும் என்றார்கள். “எதுக்கு மன்னிப்புன்னு முதல்ல அவங்க முழுசா எழுதட்டும்” என்றாள்.

பாலத்தாரின் படத்தை அவள் கடைசி வரை எடுக்கவில்லை. போன வாரம் தூசி தட்டக் கழற்றினேன். பின்பக்கம் பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது, அவள் கையெழுத்தில். ‘விடப்பட்டது: தோளுக்கு உரியவர். பாலத்துக்குக் கலவை போட்டவர். சிரித்தார். சிரித்ததை ஒப்புக்கொண்டார்.’ கீழே அப்பா இறந்த தேதி.

நிலையத்துக்கு அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ‘முழு’ என்ற சொல்லை அடித்தேன். ‘எதிர்த்துப் பேசாதவர்’ என்பதையும் அடித்தேன். அடியில் இப்படி எழுதிக் கையெழுத்திட்டேன்:

மொத்தம் அறுபத்தெட்டு ஆண்டு. நீங்கள் எடுத்தது மூன்று வரி. விடப்பட்டது, நீங்கள் கிழித்த சீட்டும் அவள் போட்ட சண்டைகளும். இந்தச் சீட்டின் மூன்று வரியையும் சேர்த்துப் போடுவதானால் போடுங்கள். இல்லாவிட்டால் என் அக்காவின் பெயரை உங்கள் இதழில் போடாதீர்கள்.