குலுக்கைக்குள் கேட்ட குரல்

என் ஏழு வயது மகள் செல்வி யாரோடும் பேசமாட்டாள். கூடி விளையாடினால் கூச்சம் போகுமென்று, தெருப் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆட அனுப்பினேன். "ஒளிஞ்சுக்கிட்டா, ஆரு கூப்ட்டாலும் வாயத் தெறக்காத" என்று சொல்லியும் அனுப்பினேன்.

ஆட்டம் முடிந்து மற்றவர்கள் வந்துவிட்டார்கள், அவள் வரவில்லை. பெயர் சொல்லிக் கத்தினேன். பதிலே இல்லை. களத்திலிருந்து வந்த என் கணவர், விஷயம் தெரியாமல், தானியம் சேமிக்கும் ஆளுயர மண் குலுக்கையில் கொட்டச் சோள மூட்டையைத் தூக்கினார். அந்நேரம் பக்கத்து வீட்டுச் சிறுமி, "ஏ செல்வி, ஆட்டம் கலைஞ்சிருச்சு, வாடி!" என்றாள்.

குலுக்கைக்குள்ளிருந்து குரல் வந்தது: "அப்ப நாந்தானே செயிச்சேன்?"

இப்போது ஆட்டம் கலைந்ததை ஒருவர் உரக்கச் சொன்ன பிறகே பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். சொல்கிற வேலை செல்விக்கு. அடுத்த தெருவுக்கும் கேட்கிறது.

– ஒரு வாசகி, வடமதுரை