எண் வரும் வரைக்கும்

அவசரப் பிரிவில் பதினெட்டு வருஷமாக விரலில் குத்தி ரத்தம் பார்க்கும் நர்ஸை எல்லாரும் 'ஊசியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனை விரல் பார்த்தாலும், மெஷினில் எண் வருகிறவரை அவள் கண் அதைவிட்டு நகராது.

அன்று வந்த தையல்காரருக்கு வாய் கோணி, வலது கை விழுந்திருந்தது. மூளையில் அடைப்பு. அதைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டாக வேண்டும். ஆனால் அவர் இதயத்துக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அது ரத்தத்தில் இருந்தால் இந்த ஊசியே மூளையில் ரத்தம் கசியவைத்து ஆளைக் காவு வாங்கிவிடும்.

"ஒருநாள்கூடத் தவறினதில்ல சிஸ்டர், நானே கையில குடுப்பேன்," என்று மனைவி அழுதாள்.

டாக்டர் கையைப் பிசைந்தார். ஊசியக்கா சில்லிட்ட விரலைத் தேய்த்துச் சூடாக்கிக் குத்தினாள். ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் மெஷினையே பார்த்தாள். ஒன்று புள்ளி ஒன்று! மாத்திரை உள்ளே போயிருந்தால் இரண்டைத் தாண்டியிருக்கும்.

"அம்மா, இவர் பல நாளா முழுங்கவே இல்ல."

"அதனாலதான் அடைச்சிருக்கு," என்றார் டாக்டர். "அதனாலதான் இப்ப ஊசியும் போட முடியுது."

தையல்காரரின் இடது கை மெல்லப் போர்வைக்குள் ஒளிந்தது.

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. "போடுங்க டாக்டர். பொழைச்சு எழுந்திரிக்கட்டும், அப்புறம் இருக்கு இவருக்கு!"