ராகு காலத்தில் அடிக்காத தங்க ஆணி

எங்கள் வீட்டில் ஹிஸ்டரியை யாரும் ஒரு பாடமாகவே மதிக்கவில்லை. மாத்ஸ், கெமிஸ்ட்ரி, பயோலொஜி மூன்றுக்கும் பக்கத்தில் நான் ஆசைக்கு எடுத்து வைத்த நாலாவது அது. பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருஷமான சிக்ஸ்த் ஃபோர்மில் முதல் வருஷம் முடியும்போது நாலில் ஒன்றை விட்டுவிட வேண்டும். எதை விடப்போகிறாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. இங்கிலீஷ் ஊரான ஈஸ்ட் ஹாமில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில் எல்லாம் டொக்டராகப் போகிற பிள்ளை ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்கு நான். கெமிஸ்ட்ரி இல்லாமல் டொக்டராக முடியாது.

கெமிஸ்ட்ரியை விடப்போகிறேன் என்று நானாகவே ஒருநாள் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்தார். பிறகு, "அந்த அமெரிக்கன் ஹிஸ்டரி புரொஜெக்ட்டில ஏ எடு. எடுத்தால் பாப்பம்" என்றார். அப்பாவின் 'பாப்பம்' முக்கால்வாசி ஓம்தான். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

புரொஜெக்ட் இதுதான்: டேர்ம் முடிவில் ஆளுக்கொரு சம்பவத்தை எடுத்து, பெற்றோருக்கு முன்னால் பத்து நிமிஷத்தில் செய்து காட்ட வேண்டும். கட்டுரை வாசிக்கக்கூடாது. நான் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதையை எடுத்தேன். இரண்டு கம்பனிகள் இரண்டு பக்கமிருந்தும் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்து, யூட்டாவில் சந்தித்த இடத்தில் ஒரு தங்க ஆணியை வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஹிஸ்டரிதான் பிடிக்காது, ஆணி பிடித்துப்போயிற்று. நீளமான ஆணி ஒன்றை வாங்கி வந்து, தோட்டத்தில் வைத்துத் தங்க நிற ஸ்பிரே அடித்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கவில்லை. அம்மா குளிருக்கெல்லாம் போர்வை சுற்றிக் காப்பாற்றி வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றும் பாதி தங்கமாயிற்று. அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்தினார். அப்பா அதைக் கவனித்தால்தானே. அவர் வெறும் மால்ட் டின்களில் இரண்டு எஞ்சின் செய்து அவற்றுக்குப் புகைபோக்கி ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூல் ஹோலில் பதினொரு மணிக்கு என் முறை வந்தது. பெயின்ட் உரஞ்சிப்போகும் என்று அப்பா ஆணியை டிஷ்யூவில் சுற்றி, சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தார். நான் மேசையில் விரித்த காட்போட் தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களையும் எதிரெதிரே தள்ளி வந்து, நடுவில் நிறுத்தி, அவரிடம் கையை நீட்டினேன். அவர் அசையவில்லை.

"ஆணியைத் தாங்கோ அப்பா."

"பொறு பிள்ளை. பன்ரண்டு மணி வரைக்கும் ராகு காலம். நல்ல காரியம் செய்ய ஏலாது."

"எனக்குப் பத்து நிமிஷம்தான்."

"கதைச்சுக்கொண்டு நில்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஹோலைப் பார்த்துத் திரும்பி, உள்ளதை உள்ளபடி ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் வீட்டுக் குசினிக் கலண்டரின்படி இது கூடாத நேரம், பன்னிரண்டுக்கு முன்னால் அமெரிக்காவை இணைக்க அப்பா சம்மதிக்கமாட்டார் என்றேன். முழு ஹோலும் சிரித்தது. அந்தச் சிரிப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. ரயில் வருவதற்கு முன் அமெரிக்காவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு மத்தியானம், சூரியன் உச்சிக்கு வந்தால்தான் அங்கே பன்னிரண்டு, கடைசியில் ரயில் கம்பனிகள்தான் நாட்டையே சில துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு நேரம் வைத்தன என்றெல்லாம் கை வீசிக் கதைத்தேன். எங்கேயோ வாசித்தது, தயார் செய்த பேச்சில் ஒரு வரிகூட இல்லாதது. அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு மேடையிலும் நின்றதில்லை.

ஹிஸ்டரி மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டார்: "மார்ச்சில் நாங்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினோமே, உங்கள் கலண்டரும் தள்ளியதா?"

அப்பா விரல் விட்டு எண்ணினார். கலண்டரில் வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான் தொடங்கும். அப்படியென்றால் இப்போது பதினொன்றரைக்கு.

"கோடையில ஒரு மணி கூட்டிப் பாக்கவேணும் எண்டு கோயில் ஐயர் எத்தினை தரம் சொன்னவர்" என்றார் அம்மா. கறிவேப்பிலைக்குப் பிறகு அவர் அப்பாவோடு கதைத்த முதல் வார்த்தை அது.

எல்லோரும் சுவர் மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தோம்: பதினொன்று இருபத்தைந்து. அப்பா மேடைக்கு ஓடி வந்தார். "அடி பிள்ளை, கெதியா அடி, இன்னும் அஞ்சு நிமிஷம்தான் கிடக்கு." டிஷ்யூ பெயின்டில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. டிஷ்யூவோடேயே ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். அது காட்போட்டைத் துளைத்து ஸ்கூல் மேசைக்குள் இறங்கிற்று. பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். அப்பா யாரோ ஒரு பிள்ளையின் தகப்பனைக் கட்டிப்பிடித்தார்.

அடுத்த கிழமை மார்க்ஸ் வந்தது. பி. கற்பனைக்கும் விளக்கத்துக்கும் ஏ தரலாம், நேரம் மிகவும் கூடிப்போனதால் ஒரு படி குறைத்திருக்கிறேன் என்று மிஸ் எழுதியிருந்தார். கெமிஸ்ட்ரியோடு இன்னொரு வருஷம் என்று முடிவு செய்துகொண்டேன். தாளை அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார்.

"எவ்வளவு நேரம் கூடிப்போச்சு?"

"பதினஞ்சு நிமிஷம்."

"அது ஆரின்ரை பதினஞ்சு நிமிஷம்?"

"உங்கட."

"அப்ப இந்த பி என்ரை. உன்ரை 'ஏ'தான்." தாளைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டார்: "கெமிஸ்ட்ரி டீச்சருக்கு எப்ப சொல்லப்போறாய்?"