பெரியப்பா பிடுங்கிய அரசங்கன்றுகள்

பெரியப்பாவின் களைக்கொத்து இப்போது திண்டிவனத்தில் என் வீட்டில் இருக்கிறது. அவர் கை பட்டுப் பட்டு மரப்பிடி வழவழவென்று ஆகிவிட்டது, இரும்பில் துருவேறியிருக்கிறது. எங்கள் மொட்டை மாடிச் சுவர் வெடிப்பில் ஓர் அரசங்கன்று தலைகாட்டியதும் அதைத் தேடி எடுத்தேன். எடுத்தேனே தவிர, கன்றின் மேல் வைக்கக் கை வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அவர் செஞ்சிக் கோட்டையில் தோட்டக்காரர். என் நைனாவின் அண்ணன். பள்ளி விடுமுறை விட்டால் எங்கள் ஊரான வல்லத்திலிருந்து பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். கோட்டைக்குள் கல்யாண மகாலைச் சுற்றியிருந்த புல்லையும் அரளியையும் நந்தியாவட்டையையும் பெற்ற பிள்ளைபோலப் பார்க்கிறான் என்று ஊரார் சொல்வார்கள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவருக்கும் பெரியம்மாவுக்கும் கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை இல்லை.

பூச்செடிகளைப் பேணுவது அவர் வேலையில் பாதிதான். மதிலில் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குவது மறுபாதி. காக்கை எச்சமிட்ட இடத்திலெல்லாம் ஆலும் அரசும் முளைக்கும். விட்டுவைத்தால் வேர் உள்ளே இறங்கிக் கல்லைப் பெயர்த்துவிடும். "கீழ ஜனம் நடக்குது. கல்லு உருண்டா யாரு தலையில வுழும்?" என்பார். ஆனால் பிடுங்கிய அரசங்கன்று எதையும் அவர் எறிந்ததில்லை. ஈரக் கோணியில் சுற்றிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போய், சிங்கவரம் சாலையோரம் நட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். பாதிக்கு மேல் ஆடு மேய்ந்துவிடும். அதற்காக அவர் நடுவதை நிறுத்தவில்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? பிள்ளை வரம் கேட்டு ஊரே சுற்றும் மரத்தை இவன் வேரோடு பிடுங்குகிறான், இவன் வீட்டில் தொட்டில் எப்படி ஆடும் என்றார்கள். பெரியம்மா வாய்த்துடுக்குக்காரி. "ஊர்ல எல்லாரும் அரச மரத்தச் சுத்திட்டு அடிவயித்தத் தொட்டுப் பாக்குறாங்க. நமக்கு மரமே தெனம் சைக்கிள்ல போவுது, ஒண்ணையும் காணோம்" என்று சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிடும்.

ஓர் ஆடி மாதம், அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. அதுவரை சிரித்தவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. "கொழந்த பொறக்குற வரைக்கும் அரசு மேல மட்டும் கை வைக்காதீங்க. இத்தினி நாளா உங்கள இன்னா கேட்டேன்?" என்றாள். அவர் தலையாட்டினார். வாரக்கணக்கில் அந்தக் கன்றுகளைக் காணாதவர்போல நடந்தார்.

ஐப்பசி மழையில் கன்றுகள் மளமளவென்று வளர்ந்தன. ஜனம் போய்வரும் கோட்டை வாசலுக்கு மேலே ஒன்று, கல்லையே அசைத்துவிட்டது. பெரியப்பா ஏறி அதைப் பிடுங்கிச் சாலையோரம் நட்டார். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அரசம்பால் விரல்களில் கறையாகக் காய்ந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சோறு போடும்போது பெரியம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். குழம்பை ஊற்றினாள். தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த நானும் அந்த விரல்களையே பார்த்தேன்.

தை மாதம் குழந்தை இறந்தே பிறந்தது. பெண்.

பெரியப்பா வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "நான்தான், நான்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா அவரோடு பேசவே இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு துணைக்கு வந்து தங்கியிருந்த என் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். எழுந்து நடக்கத் தெம்பு வந்த அன்று பெரியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிங்கவரம் சாலையில் நடந்தாள். பெரியப்பா நட்ட அந்தக் கன்றைப் பிடுங்கி எறியத்தான் போகிறாள் என்று பயந்து நாங்கள் பின்னால் ஓடினோம். பெரியப்பாவும் ஓடிவந்தார்.

அவள் கன்றின் அடியில் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் மண்ணில் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, "கல்லு வுழுந்திருந்தா இன்னொருத்தி புள்ள போயிருக்கும். இதுவாச்சும் பொழைக்கட்டும்" என்றாள். பெரியப்பா சாலையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். மறுநாள் களைக்கொத்தோடு கோட்டைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். அந்த மரம் சாலைக்கே நிழல் விரித்து நிற்கிறது. கிளையெல்லாம் மஞ்சள் துணித் தொட்டில்கள். புதிதாகத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்த மருமகளிடம் மாமியார் ஒருத்தி, "ராசியான மரம்டி. மனசார கேளு, குடுத்துடும்" என்றாள்.

இன்று காலை மாடிக் கன்றை வேர் அறாமல் எடுத்துவிட்டேன். ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளை செஞ்சி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். களைக்கொத்தைக் கழுவித் துடைத்து வைத்தாயிற்று. விரலில் ஒட்டிய கறையைத்தான் கழுவ மனம் வரவில்லை.