முறிகண்டியில் விழும் முள்

ஏரம்பு கரவெட்டியில் பிறந்தவன். குடியேற்றத் திட்டத்தில் தமையனுக்குக் கண்டாவளையில் காணி கிடைத்தபோது கூடவே வந்தான். மண்வெட்டியோடு வயலில் இறங்கினால் பாதி வேலையில் வரம்பில் நின்று மேகம் பார்க்கிற ஆள். பொறுத்துப் பார்த்த தமையன், பரந்தனில் அரிசி மில் வைத்திருந்த அப்புத்துரையிடம் அவனை லொறி ஓட்டச் சேர்த்துவிட்டான்.

அது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ லொறி. பச்சை நிறம் வெளிறி, வெயிலில் காய்ந்த வாழையிலை போல ஆகியிருந்தது. வயலில் பிடிபடாத பொறுமை ஏரம்புவுக்கு அந்த லொறியில் எப்படியோ பிடிபட்டது. அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடிகிற நேரத்தில் கண்டி வீதியில் ஏறுவான். கிளிநொச்சி தாண்டினால் காடு. வவுனியாவில் மூட்டைகளை இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு பொழுதுபட முன்னர் திரும்பிவிடுவான்.

வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனமும் நிற்பது போல அவனும் நிற்பான். வீதியோர மணலில் லொறியை இறக்கி, தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு புறப்படுவான். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் கண்ணில் படும்: வேகம் காட்டுகிற மைல் மீற்றரின் முள் விழுந்து அடியில் கிடக்கும். மைல்களை எண்ணுகிற சின்ன இலக்கங்களும் அசையாமல் நின்றுவிட்டிருக்கும். வவுனியா வரைக்கும் அப்படித்தான். திரும்பி வரும்போது எங்கோ ஒரு குழியில் லொறி துள்ளும், முள்ளும் எழுந்துவிடும்.

ஏரம்புவுக்கு அது குறையாகப் படவில்லை. வேகம் எவ்வளவென்று தெரியாமல் போவதில் ஒரு சுகம் இருந்தது. இரு கரையும் பாலை, வீரை மரங்கள் சாய்ந்து நிற்கும். பனிமூட்டம் வீதியை மூடி, லொறி கிட்டப் போகப் போகத் திறந்துவிடும். தூரத்தில் ஒரு மயில் வீதியைக் கடக்கும், எந்த அவசரமும் இல்லாமல். லொறி போகிறதா நிற்கிறதா என்று சில நேரம் அவனுக்கே மயங்கும்.

அப்புத்துரை விடுவதாயில்லை. கிளிநொச்சிக் கராஜில் கனகலிங்கம், மீற்றருக்கு ஓடும் வயரின் உள்கம்பியை உருவிப் பார்த்தான், அறவில்லை. கிறீஸ் பூசிப் போட்டான். மீற்றரையே கழற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித் திருத்தியும் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆனையிறவு வரை ஓட்டிப் பார்த்தபோது முள் ஒழுங்காக வேலை செய்தது. அடுத்த பயணத்தில் முறிகண்டி தாண்டியதும் விழுந்தது.

ஒருநாள் பின்னேரம் மில் முற்றத்தில் அப்புத்துரை அவனைக் கூப்பிட்டார்.

"கனகலிங்கம் ஓடேக்கை நிக்காத மீற்றர் உம்மட கையிலை மட்டும் நிக்குது, ஏரம்பு."

"ஓம் முதலாளி. எனக்கும் விளங்கேல்லை."

"வயரைக் கழட்டி விட்டிட்டுக் களவாய் வேறை ஆக்களுக்கு ஹயர் ஓடுற றைவர்மாரும் இருக்கினம். நான் உம்மைச் சொல்லேல்லை."

சொல்லவில்லை என்று அவர் சொன்னதுதான் தைத்தது. அன்று வீட்டில் ஏரம்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் மனைவி நாகேஸ்வரி, கலியாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு எடுத்தாள். சொல்லிக்கொண்டு வரும்போதே ஏரம்புவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

"அவை எப்பவும் வெறும் லொறியைத்தான் ஓட்டிப் பாத்தவை. பாரத்தோடை ஓடேக்கை கீழை என்ன நடக்குதெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை."

"நீங்கள் பாருங்கோவன்."

"ஓட்டுறவன் என்னெண்டு கீழை பாக்கிறது?"

"அப்ப நான் வாறன்," என்றாள் அவள்.

அடுத்த பயணத்தில் அவள் முன்னால் ஏறினாள். ஏரம்பு கியர்த் தடிக்குப் பக்கத்தில் கிடந்த பலகையைக் கழற்றினான். கீழே கியர்ப் பெட்டியும், அதில் செருகியிருந்த சுண்டுவிரல் மொத்த வயரும் தெரிந்தன. அந்தச் செருகின இடத்தை மட்டும் பார் என்று சொல்லிவிட்டு லொறியை எடுத்தான்.

நாகேஸ்வரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். கியர்ப் பெட்டிக்குப் பக்கத்து இடைவெளியில் வீதி ஓடியது. தார், செம்மண், இலைகளின் நிழல், மறுபடி தார். பரந்தன் போய், கிளிநொச்சி போய், காடு வந்தது.

"என்ன தெரியுது?"

"வீதி ஓடுது."

"வயரைப் பாரப்பா."

"அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். ஆனா நாங்கள் ஒரு இடத்திலை இருக்கிறம், வீதிதான் எங்கையோ போகுது போல கிடக்கு."

ஏரம்பு திரும்பி அவளைப் பார்த்தான். இப்படி ஒரு நினைப்பு தனக்கு மட்டும்தான் வரும், சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை காலமும் யாரிடமும் வாய் திறவாமல் இருந்தவன். லொறி கொஞ்சம் மெதுவாகப் போனது.

முறிகண்டியில் கும்பிட்டுவிட்டு ஏறினார்கள். மணலிலிருந்து வீதிக்கு ஏற, முதல் கியரில் எஞ்சின் முக்கியது.

"இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ," என்றாள் நாகேஸ்வரி. "பெட்டி ஒரு பக்கமாய்ச் சரிஞ்சு எழும்பினது. வயரையும் இழுத்துப்போட்டுது. இப்ப அது செருகின இடத்திலை நிக்கேல்லை."

ஏரம்பு இறங்கிக் கீழே ஊர்ந்தான். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் மெத்தை, தொட்டதும் தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டு போல உதிர்ந்தது. பாரத்தோடு மணலில் இழுக்கும்போது எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேர்ந்து புரள்கின்றன. வயரைப் பிடித்திருக்கிற நட்டு, மரை தேய்ந்ததால், அதை விட்டுவிடுகிறது. வயரின் நுனி ஒரு நக அளவு வெளியே வந்தால் போதும், முள் விழுந்துவிடும். வெறும் லொறி குழியில் துள்ளும்போது நுனி தானாக உள்ளே போய்விடுகிறது.

கண்டுபிடித்த பிறகும் அவன் வெளியே வரவில்லை. முதுகில் மணல் குளிர்ந்து கிடந்தது. சுமையோடு காட்டுக்குள்ளால் போன தூரத்தை எல்லாம் இந்த மீற்றர் எண்ணவேயில்லை. வெறுமையாகத் திரும்பிய தூரம் மட்டும் அதில் ஏறியிருக்கிறது. அது துக்கமா, வேடிக்கையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன செய்யிறியள் கீழை?"

"ஒண்டுமில்லை. யோசிக்கிறன்."

அவள் அவசரப்படுத்தவில்லை. லொறிச் சில்லுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து கச்சான் உடைத்தாள். மூட்டை இறக்கக் கூட வந்து, மேலே படுத்திருந்த சுமைகாரர் இருவரும் எழும்பவேயில்லை.

மறுநாள் மில் முற்றத்தில் மூட்டை ஏற்றிய லொறியைப் புழுதிக்குள் இறக்கி இழுத்துக் காட்டினான். அப்புத்துரை தானே முன்னால் ஏறிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "நான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது," என்றார்.

"பரவாயில்லை, முதலாளி."

கனகலிங்கம் புதிய நட்டுப் போட்டான். பழைய டயரில் தடித்த துண்டொன்றை வெட்டி எஞ்சினுக்கு அடியில் வைத்தான். பிறகு அந்தப் பழுது வரவில்லை.

நாகேஸ்வரிக்கு லொறியில் இனி வேலை இல்லை. ஆனாலும் தமையனின் வயலில் வேலை குறைந்த நாட்களில் அவள் முன்னால் ஏறிவிடுவாள். சில பயணங்களில் கதைத்துக்கொண்டே போவார்கள். சில பயணங்களில் மாங்குளம் வரைக்கும் ஒரு சொல்லும் இராது. இறங்கும்போது நிறையக் கதைத்த களைப்பு மட்டும் இருவருக்கும் இருக்கும்.

அடுத்த வருஷ அறுவடைக் காலத்தில் வவுனியா ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். தாயையும் பிள்ளையையும் ஏரம்பு அந்த லொறியிலேயே கூட்டி வந்தான். நடக்கிறவன் முந்திப்போகக்கூடிய ஓட்டம். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் ஒதுங்கிக் கடந்து போயிற்று.